மசுமியின் தோளில் பூட்ஸ் தடம்

சனிக்கிழமை கச்சேரி என்றால் ஞாயிறு மதியம் ஒசாகாவின் த்சுருஹாஷி சந்தில், மேஜையிலேயே அடை சுட்டுத் தின்னும் அந்த ஒக்கோனோமியாக்கிக் கடையில் கூடியாக வேண்டும். மசுமி போட்ட சட்டம் அது. வேலை காரணமாகக் கச்சேரிக்கு வர முடியாமல் போனவளை நடுவில் உட்காரவைத்து, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை மற்றவர்கள் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். சொல்லும்போது அவரவர் உடம்பில் வாங்கிய காயத்தையும் காட்ட வேண்டும். காயமில்லாமல் வந்தால் அவள் பின்வரிசையில் கைகட்டி நின்றாள் என்று அர்த்தம், அவளுக்குப் பேச வாயே கிடையாது.

அன்றைக்குக் கதை கேட்க வேண்டியவள் எமிரி. முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்காமல் 'அககிரி' ராக் குழுவின் ஒசாகா கச்சேரியைத் தவறவிட்டிருந்தாள். அழுது அழுது வீங்கிய கண்ணோடு, கொதிக்கும் இரும்புத் தகட்டின் முன்னால் உட்கார்ந்து முட்டைக்கோஸ் மாவைக் கிண்ணத்தில் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"மாவு என்னடி பாவம் பண்ணிச்சு? விடு அதை," என்றாள் தொமோயே. இவள் வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் குளிர்சாதனப் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு படி இறங்குகிறவள். சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையை நீட்டினாள். தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது. "பார்த்துக்கோ. ரெண்டாவது பாட்டு. பின்னாடி இருந்து ஒருத்தி என் முதுகுல பாய்ஞ்சா. விடுவேனா? திரும்பிக்கூடப் பார்க்கல. ஒரே இடி. யாரோ ஒருத்தியோட மூக்குன்னு நினைக்கிறேன், நச்சுனு இருந்துச்சு."

"ஐயோ, எனக்கு வயிறு எரியுதே!" என்று எமிரி கத்தினாள்.

மசுமி பன்றிக்கறித் துண்டுகளைத் தகட்டில் பரப்பினாள். அவள் முறை கடைசியில்தான் வரும். வர வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் இறைச்சி வெட்டும் பகுதியில் அவளுக்கு வேலை. அங்கே அவளை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் அககிரி வாசிக்கும் பாதாள அரங்கங்களில் அவள் பெயரைச் சொன்னால் போதும், வழி விடுவார்கள். மேடைக்கு முன்னால் இருக்கும் இரும்புக் கம்பியில், கித்தார்க்காரன் ஷியோனுக்கு நேர் எதிரே யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்று முடிவு செய்பவள் அவள்தான். முன்வரிசை மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவர்கள் முதலில் அவளிடம் வந்து குனிந்து வணங்கி, "அக்கா, இன்னைக்கு நான் எங்க நிக்கட்டும்?" என்று கேட்க வேண்டும். டிக்கெட்டில் எந்த எண் இருந்தாலும் சரி, எவ்வளவு முன்னால் உள்ளே நுழைந்தாலும் சரி, இடம் மசுமி கொடுத்தால்தான் உண்டு. அரங்கத்துக்காரர்களுக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார்கள்.

இத்தனை அதிகாரமும் அவளுக்கு ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான். ஷியோன் அவளைப் பார்க்க வேண்டும். பத்து வருஷத்துக்கு மேலாக அதே கம்பியில், அதே இடத்தில், ஊர் ஊராகப் போய் நின்றிருக்கிறாள். அவன் தொமோயேயைப் பார்த்துக் கண்ணடித்திருக்கிறான். எமிரியின் மேல் தண்ணீர் துப்பியிருக்கிறான். அந்தத் துணியை அவள் இன்னும் துவைக்கவில்லை. மசுமியின் தலைக்கு மேலாகவே அவன் பார்வை எப்போதும் போகும். ஏனென்று கேட்டால் யாருக்குத் தெரியும்? பக்கத்திலேயே நிற்கிறவர்கள் கண்ணில் படுவதில்லை போலிருக்கிறது. இதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் அது தெரியாத ஆளே கிடையாது.

நேற்று அவன் பார்த்தான்! காலையில் எழுந்ததிலிருந்து மசுமிக்குத் தலைகால் புரியவில்லை.

கதவு திறந்தது. சாயோ உள்ளே வந்தாள். கூட்டத்திலேயே சின்னவள், போன குளிர்காலத்தில்தான் சேர்ந்தாள், முடிதிருத்தும் கடையில் வேலை பழகுகிறவள். நேற்றுப் போட்ட கறுப்புச் சட்டையையே இன்னும் போட்டிருந்தாள். கண்ணில் பூசிய மை கன்னம் வரை வழிந்து காய்ந்துபோயிருந்தது.

"மகாராணி எழுந்தருளியாச்சா?" என்றாள் தொமோயே. "நேத்து கச்சேரி முடிஞ்சதும் எங்கடி மாயமா மறைஞ்சே? தேடித் தேடிப் பார்த்தோம்."

"வேலை இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு சாயோ ஓரத்தில் உட்கார்ந்தாள். ஐஸ் தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

"சரி, சொல்லு மசுமி, அந்தச் சிறுக்கி கதையைச் சொல்லு," என்று தொமோயே எடுத்துக்கொடுத்தாள். "எமிரிக்கு அதைச் சொல்லாம விட்டா சோறு இறங்காது."

மசுமி கறியைத் திருப்பிப் போட்டாள். "கதவு திறந்ததும் ஓடினேன். போனா நம்ம இடத்துல ஒருத்தி நிக்கிறா. கொத்தா மஞ்சள் ரிப்பன். முகத்துல பாலு வடியுது. கம்பியை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு மேடையையே பார்த்துக்கிட்டு இருக்கா. யாரைக் கேட்டுடி இங்க நின்னேன்னேன். என் டிக்கெட் நம்பர் முன்னாடி, அதான் நிக்கிறேன்னா."

"அடிப்பாவி!" என்றாள் எமிரி.

"கேளு. நான் மரியாதையாத்தான் சொன்னேன். பாப்பா, இங்க ஒரு முறை இருக்கு, பெரியவங்களைக் கேட்டுட்டு நிக்கணும்னு. அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? பணம் குடுத்துத்தானே வந்திருக்கேன், இது என்ன உங்க வீட்டு வாசலான்னா."

"கொழுப்பைப் பாரேன்!"

"அப்புறம் என்ன, முதல் பாட்டு ஆரம்பிக்கட்டும்னு விட்டேன்."

அப்புறம் நடந்ததை மசுமி விரல்விட்டு எண்ணிச் சொன்னாள், சமையல் குறிப்பு சொல்கிற மாதிரி. முதல் பாட்டில் அந்தப் பெண்ணின் இரண்டு பக்கத்திலிருந்தும் விலாவில் முழங்கை. ஒரு பக்கம் தொமோயே, இன்னொரு பக்கம் மசுமி. அவள் அசையவில்லை. இரண்டாவதில் கம்பியைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பின்பக்கமாக மடக்கினார்கள். அவள் வீறிட்டாள், விடவில்லை. நல்ல அழுத்தக்காரிதான். மூன்றாவதில் தொமோயே ரிப்பனோடு சேர்த்து முடியைப் பிடித்து இழுத்தாள். கையில் ஒரு கொத்து வந்தது. அதை அவள் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தபோது எமிரி சிரித்துக்கொண்டே கைதட்டினாள். முடிவேரில் சிவப்பாய் ஏதோ ஒட்டியிருந்தது.

சாயோ அந்த முடியைப் பார்த்தாள். "அதை எடுத்து உள்ள வைங்க அக்கா," என்றாள். யாரும் எடுக்கவில்லை.

"அப்பதான் மடங்குற பாட்டு வந்துச்சு," என்றாள் மசுமி.

அககிரியின் அந்தப் பாட்டைத் தெரியாதவர்கள் அந்த அரங்கில் கிடையாது. முன்வரிசை முழுக்க இடுப்பை மடக்கிக் கம்பிக்குக் கீழே தலையைத் தொங்கவிட்டு முடியைச் சுழற்றும். பின்னாலிருப்பவர்கள் ஓடிவந்து அவர்கள் முதுகில் பாய்வார்கள். பாடகன் 'சாவு' என்று அலறுவான், கூட்டம் 'கொல்லு' என்று பதிலுக்கு அலறும். பாட்டு முடிகிறவரை தலையைத் தூக்கக்கூடாது. தூக்குகிறவள் கோழை. அந்தப் பாட்டில் முதல் பாய்ச்சல் வந்தபோது மசுமி இடுப்பை ஒரு வெட்டு வெட்டினாள். மஞ்சள் ரிப்பன் கம்பியைவிட்டு நழுவிக் கீழே போயிற்று. மசுமி அந்த இடத்தில் காலை வைத்தாள். இடம் மறுபடி அவளுடையது.

பூட்ஸுக்கு அடியில் மெத்தென்று ஏதோ இருந்தது. யாரோ வைத்த பையாக்கும் என்று நினைத்தாள். அது அசைந்தது. அப்போதும் பை என்றே நினைத்துக்கொண்டாள். கெண்டைக்காலில் யாரோ குத்தினார்கள், பிறாண்டினார்கள். கச்சேரியில் யார்தான் குத்துவதில்லை? குதிகாலை இன்னும் அழுத்தி ஊன்றி, தாளத்துக்குத் தக்கபடி ஏறி ஏறி மிதித்தாள். இதையெல்லாம் எமிரியிடம் அவள் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவுமில்லை, கதையின் முக்கியமான இடம் அதற்கு அப்புறம்தானே.

"திடீர்னு கித்தார் நின்னுபோச்சுடி," என்றாள். "அந்தப் பாட்டுல கித்தார் நிக்கவே நிக்காது. என்னமோ ஏதோன்னு தலையைத் தூக்கினேன். என் வாழ்நாள்ல முதல் தடவையா அந்தப் பாட்டுல தலையைத் தூக்கினேன். தூக்கினா..."

"தூக்கினா?"

"ஷியோன். மேடை விளிம்புல முட்டி போட்டுக்கிட்டு. இந்தா, இவ்வளவு தூரத்துல." மசுமி தன் முகத்துக்கு முன்னால் உள்ளங்கையை வைத்துக் காட்டினாள். "என் கண்ணையே பார்க்கிறான். வேர்வை என் கன்னத்துல சொட்டுது. என்னமோ கத்துறான். எனக்காகக் கத்துறான் எமிரி! டிரம் சத்தத்துல ஒரு எழுத்துக்கூடக் கேக்கல. நானும் 'கொல்லு'ன்னு கத்தினேன். அவன் மறுபடி கத்தினான். நானும் கத்தினேன். அவன் கண்ணுல தண்ணி, தெரியுமா?"

எமிரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்ன சொல்லியிருப்பான்? நன்றின்னு சொல்லியிருப்பானோ?"

"பேரைக் கேட்டிருப்பான்," என்றாள் தொமோயே. அவளுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமைதான், ஆனாலும் நல்லவள். "பத்து வருஷமா நிக்கிறியே, உன் பேரு என்னடின்னு கேட்டிருப்பான்."

"அது மட்டுமா?" மசுமி சட்டைக் கழுத்தை இழுத்துத் தோளைத் திறந்து காட்டினாள். தோள்பட்டை எலும்புக்கு மேலே கருநீலமாய்க் கன்றியிருந்தது. பூட்ஸின் அடிப்பாகத்துக் கோடுகள்கூடப் பதிந்திருந்தன. "காலைத் தூக்கி இங்க வெச்சான். வெச்சு அழுத்தினான். ஒரு தடவை இல்ல, மூணு தடவை. எலும்பு முறிஞ்சுதுன்னே நினைச்சேன். நான் விடல. கம்பியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அசைஞ்சா போயிடுவானே! குளிக்கும்போது அந்த இடத்துல தண்ணிகூட படாம பார்த்துக்கிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் மேடை ஆள் ஒருத்தன் கம்பிக்கு அடியில புகுந்து யாரையோ இழுத்துட்டுப் போனான். வழக்கமா மயக்கம் போட்டு விழுவாளுங்களே, அது மாதிரி. ஷியோன் எழுந்து போயிட்டான். கடைசி வரைக்கும் எங்க பக்கம் திரும்பவே இல்ல. முதுகைக் காட்டிக்கிட்டு வாசிச்சான்." மசுமி வெட்கத்தோடு சிரித்தாள். "அவ்வளவு பேர் முன்னாடி அப்படிப் பண்ணிட்டு எப்படிடி திரும்புவான்?"

எமிரி மறுபடி அழ ஆரம்பித்தாள். இந்தத் தடவை சந்தோஷத்தில். தகட்டில் கறி கருகிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

"அவ பேரு நாகிசா," என்றாள் சாயோ.

"எவ பேரு?"

"மஞ்சள் ரிப்பன். வகயாமாவுல இருந்து வந்திருந்தா. முதல் கச்சேரி. எப்படி நிக்கணும், யாரைக் கேக்கணும்னு அவளுக்கு யாரும் சொல்லல. ராத்திரி பூரா நான் ஆஸ்பத்திரியிலதான் இருந்தேன். அவ அம்மா வந்து சேர்ந்தப்புறம்தான் வந்தேன்."

தொமோயேயின் கை தானாகப் போய் மேஜைமேல் இருந்த முடியை மூடியது.

"விலா எலும்பு உடைஞ்சு நுரையீரல்ல குத்தியிருக்கு. வலது கையில முறியாத விரலே இல்ல. இன்னும் கண்ணு திறக்கல. திறப்பாளான்னு டாக்டரே சொல்ல மாட்டேங்கிறார்."

"கூட்டம்னா அப்படித்தான்," என்றாள் மசுமி. "நாங்கள்லாம் வாங்காத அடியா? எனக்குப் பல்லு போயிருக்கு. வந்தவ முறை தெரிஞ்சு வரணும்."

"அக்கா, நான் உங்களுக்கு அடுத்து நின்னேன். அவளைத் தூக்கலாம்னு கீழ போயிட்டேன். உங்க காலைப் புடிச்சு இழுத்தேன், பிறாண்டினேன். அது நான்தான். நீங்க இன்னும் ஓங்கி மிதிச்சீங்க. என் தலைக்கு மேலதான் ஷியோன் குனிஞ்சு கத்தினான். எனக்குக் கேட்டுச்சு."

எமிரி அழுகையை நிறுத்திவிட்டாள். "என்ன சொன்னான்?" என்று கேட்டாள். வேறு யார் கேட்பார்கள்?

"சொல்லாதே," என்றாள் மசுமி.

"'காலை எடு'ன்னான். 'காலை எடு, காலுக்கு அடியில பொண்ணு செத்துக்கிட்டு இருக்கா'ன்னான். திரும்பத் திரும்ப அதைத்தான் கத்தினான். நீங்க 'கொல்லு, கொல்லு'ன்னு பதில் சொன்னீங்க. அவன் உங்க தோள்ல காலை வெக்கல அக்கா. உங்களை உதைச்சான். அவ மேல இருந்து நீங்க இறங்கணும்னு உதைச்சான்."

மசுமி எழுந்ததை யாரும் பார்க்கவில்லை. பார்த்தபோது அவள் மேஜையைத் தாண்டி சாயோவின் முடியைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். மாட்டுத் தொடையைத் தூக்கிக் கொக்கியில் மாட்டுகிற கை அது. சாயோவின் தலை தகட்டை நோக்கி இறங்கியது. மாவுக் கிண்ணம் உருண்டது. சாஸ் பாட்டில் விழுந்து உடைந்தது.

"பொய்! பொய் சொல்ற வாயைப் பொசுக்கிடுவேன்! வயித்தெரிச்சல் புடிச்ச நாயே! உன்னைப் பார்க்கலைன்னு தானேடி..."

"விடுடி மசுமி! விடு!" எமிரி அவள் இடுப்பைக் கட்டி இழுத்தாள். மசுமி பின்னால் விட்ட உதை ஒன்று எமிரியை அடுத்த மேஜைவரை கொண்டுபோய்த் தள்ளியது. சாயோவின் முகத்துக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. கருகிய கறியிலிருந்து புகை அவள் மூக்கில் ஏறியது. கன்னத்தைக் காப்பாற்ற அவள் உள்ளங்கையைத் தகட்டில் ஊன்றினாள்.

சத்தம் வந்தது. அப்புறம் வாடை வந்தது. அந்த வாடையை நான் சொல்லப்போவதில்லை.

தொமோயேதான் நிறுத்தினாள். மாவு திருப்புகிற இரும்புக் கரண்டியை எடுத்து அதன் விளிம்பால் மசுமியின் மணிக்கட்டில் ஓங்கி ஒன்று போட்டாள். எலும்பில் பட்டது. பிடி விட்டது. இன்னொன்று போட்டாள், அது தேவையே இல்லை. மூன்றாவதற்கு ஓங்கியபோது கடைக்கார அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் கடையில என்னடி ரத்தம்! போலீஸைக் கூப்பிடுவேன்!" என்று அலறிக்கொண்டே, எதற்கும் இருக்கட்டும் என்று தகட்டின் தீயை அணைத்தாள்.

சாயோ ஐஸ் வாளியில் கையை விட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. தொமோயே கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள். அவள் உடம்பு முழுக்க நடுங்கியது. குளிர்சாதனப் பெட்டி சுமக்கிற அந்த உடம்புக்கு நடுங்கத் தெரியும் என்று அன்றைக்குத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

"நானும்தான் இடிச்சேன்," என்றாள் தொமோயே. "நானும்தான் விரலை மடக்கினேன். ஐயோ, நானும்தானே." அவள் சட்டைப்பையைத் துழாவினாள், எதைத் தேடுகிறோம் என்றே தெரியாமல்.

எமிரி உதட்டிலிருந்து வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தன் பையை எடுத்தாள். "எந்த ஆஸ்பத்திரி?" என்று சாயோவிடம் கேட்டாள். சாயோ சொன்னாள். "வா, உன் கையையும் அங்கேயே காட்டலாம். தொமோயே, நீயும் வா. வந்து அந்த அம்மா கால்ல விழு. நானும் விழுறேன். இங்க உட்கார்ந்து கை தட்டினேனே, அதுக்கு."

மூன்று பேரும் கதவுவரை போனார்கள். மசுமி வீங்கிய மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திறந்த சட்டைக் கழுத்தை அவள் இன்னும் மூடவில்லை. கடைக்கார அம்மா தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டாள், எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"சாயோ," என்றாள் மசுமி. அவளுக்கு அவ்வளவு சின்னக் குரல் உண்டு என்று யாருக்கும் தெரியாது. "ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. நீ கீழ இருந்துதானே பார்த்தே. அவன் கத்தினப்போ என்னைப் பார்த்துத்தானே கத்தினான்? கீழ அவளைப் பார்த்து இல்லையே?"

சாயோ வாளியோடு கையைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். பொய் சொல்லியிருக்கலாம். களைத்துப்போயிருந்தாள்.

"ஆமாக்கா, உங்களைத்தான் பார்த்தான். பேயைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்."

முதல் பாதி மட்டும்தான் மசுமியின் காதில் ஏறியது. முகமெல்லாம் மலர்ந்து, கதவோரம் நின்ற தொமோயேயின் பக்கம் திரும்பினாள்.

"பார்த்தியாடி தொமோயே," என்றாள். "நான்தான் சொன்னேனே."